நீட்டாத படிக்கம்

நாத்தனாரைப் புகழ்ந்து எழுதுகிறவளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் புகழ வரவில்லை. என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி வாயைத் திறந்தால் அடுப்பில் போட்ட உப்புதான். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே குழாய், ஒரே அடுப்பு, ஆளுக்கொரு கோபம். அண்ணியைக் கட்டினவர் வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். அந்தக் கோபத்தை எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கங்கள் போதாது. இது வேறு கோபம். இது அண்ணிக்குத் தாய்வழிச் சொத்தாக வந்தது, கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அண்ணிக்கு அருங்காட்சியகத்தில் வேலை. மாடியில் வலது கைப் பக்கம் வெற்றிலை, மூக்குப்பொடி சாமான்களுக்கென்றே ஓர் அறை உண்டு. அதன் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற காவல்காரி அவர்தான். உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் வெற்றிலைச் செல்லங்கள் வரிசையாக இருக்கும். மேல்தட்டில் பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் சின்னச் சின்னக் கிண்ணங்கள், கீழ்த்தட்டு வெற்றிலைக்கு. குதிரைத் தலை வைத்த பாக்குவெட்டி இருக்கிறது. ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு பாக்குவெட்டி இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று இளிப்பார்கள், அண்ணி விரட்டுவார். சங்கிலி கோத்த சுண்ணாம்புக் கரண்டகம், பல் போனவர்களுக்கு வெற்றிலை இடிக்கிற குட்டி உரல், தந்தத்தில் கடைந்த பொடி டப்பி, அதற்குள் நகத்தளவு கரண்டி. எல்லாவற்றுக்கும் நடுவில் தனிப் பெட்டியில், மேலே விளக்குப் போட்டு, வெள்ளிப் படிக்கம்.

படிக்கம் என்றால் எச்சில் துப்புகிற பாத்திரம். அகன்ற வாய், ஒடுங்கிய கழுத்து, உருண்ட வயிறு. கழுத்தைச் சுற்றிக் கொடி வேலைப்பாடு ஓடுகிறது. இரண்டு கையும் பிடிக்கிற இடத்தில் மட்டும் கொடி தேய்ந்து வழவழவென்று போய்விட்டது. அதன் கீழே அழகான எழுத்தில் ‘விருந்தோம்பலின் அடையாளம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த விருந்தாளியை அதற்குள் உட்கார வைத்து ஓம்பினார்களோ தெரியவில்லை. பூசி மெழுகுவதற்கும் சம்பளம் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது.

இதில் பெரிய வேடிக்கை, அந்தக் கட்டடத்துக்குள் யாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு வரக் கூடாது. வெற்றிலை, பாக்கு, புகையிலை, மூக்குப்பொடி எதற்கும் அனுமதி இல்லை என்று படிக்கட்டிலேயே பலகை மாட்டியிருக்கிறது. பலகைக்குக் கீழேயே துப்பி வைத்திருப்பார்கள். அந்த மூலையைத் தேய்த்துக் கழுவிக் கழுவித்தான் அண்ணி துப்புரவு வேலையிலிருந்து முக்காலிக்கு வந்தார். வந்த பிறகு ஒருத்தரையும் விட்டதில்லை. பேசாமல் வருகிறவனைப் பார்த்ததும் ‘வாயைத் திற’ என்பார். வழக்கறிஞர் ஒருவரை, புது மாப்பிள்ளை ஒருவரை, தணிக்கைக்கு வந்த அதிகாரியைக்கூட, ‘வெளிய குழாயடி இருக்கு, கொப்புளிச்சுட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் போலீஸ்கார அக்கா.

அந்தப் படிக்கத்தை அண்ணியின் அம்மா, அதாவது என் மாமியார், பிடித்து நின்றிருக்கிறார். இதை யாரும் ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாமியார் உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லாத வாரம் கிடையாது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்வார். முந்தின தடவையைவிடக் கோபமாகச் சொல்வார்.

கடைத்தெருவை ஒட்டி இருந்த பெரிய வீட்டில் அவர் சின்னப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டுப் பெரியவர் காலையில் கண் விழித்ததும் வெற்றிலையில் கை வைத்தால் படுக்கிறவரை ஓயாது. செல்லம் தூக்க ஒரு பெண், படிக்கம் தூக்க ஒரு பெண். என் மாமியார் படிக்கத்துக்கு. பெரியவரின் இடது பக்கம் நிற்க வேண்டும். கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். உட்காரக் கூடாது, சொறியக் கூடாது. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் துப்புவதை வேலைக்காரப் பெண் பார்த்தால் மரியாதைக் குறைவாம். ஆனால் பார்க்காமலே பாத்திரம் அவர் வாய்க்கு நேராகப் போய் நிற்க வேண்டும். தொண்டைக்குள் ‘ம்ம்’ என்று ஒரு சத்தம் வரும். அதுதான் கட்டளை. அவரைப் பெயர் சொல்லி அந்த வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. வாயில் வெற்றிலை இருக்கிறவனுக்குப் பெயர் எப்படி வரும் என்பார் மாமியார்.

ஒரு நாள் கூடத்தில் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். பெரியவர் ஏதோ நகைச்சுவை சொல்லிக்கொண்டே ‘ம்ம்’ என்றார், பாத்திரம் போனது, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தனையும் என் மாமியாரின் முழங்கையிலும் சட்டையிலும் கழுத்திலும் வந்து விழுந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. பெரியவர் துடைத்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். மாமியார் துடைத்துக்கொள்ளவில்லை. காலையிலிருந்து நிரம்பியிருந்த படிக்கத்தை அப்படியே கொண்டுபோய் அவருடைய வெள்ளை வேட்டி மடியில் வைத்துவிட்டு, பின்வாசலுக்குக்கூடப் போகாமல், முன்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அவருக்கு வேலை கிடையாது. பெற்ற அப்பனே அடித்தார். கட்டட வேலைக்குப் போய் செங்கல் சுமந்தார், செங்கல் சுமந்தே இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். “செங்கல்லுக்கு வாய் இல்ல. அது துப்பாது” என்பார். கதை முடியும்போது ஒரு பேச்சு தவறாமல் வரும். அந்தப் படிக்கம் என்ன கனம் தெரியுமா என்று கேட்டுவிட்டு, அவரே மலை என்று பதிலும் சொல்லிக்கொள்வார்.

குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம். துப்பினது பெரிய வீடு, பட்டப்பெயர் எங்கள் வீட்டுக்கு. பள்ளிக்கூடத்தில் அண்ணியை எச்சில் சட்டி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படிக் கூப்பிட்ட ஒருத்தியின் முன்பல்லில் பாதி இன்றைக்கும் இல்லை. இப்போதும் கடைத்தெருவில் அந்த அம்மாளைப் பார்த்தால் நான் நின்று ஒரு தடவை அந்தப் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் நகருவேன். எனக்கு அதில் ஒரு நிம்மதி.

பெரிய வீட்டை இடித்து வணிக வளாகம் கட்டினபோது, அந்த வீட்டுப் பேரன் பழைய சாமான்களையெல்லாம் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் படிக்கம் அண்ணியின் முக்காலிக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. ஊரில் இத்தனை அறை இருக்க, அது அங்கேதான் வர வேண்டுமா? முதல் நாள் பார்த்துவிட்டு வந்து அண்ணி சாப்பிடவில்லை. அடுத்த நாளிலிருந்து அதற்கு முதுகைக் காட்டி முக்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். காவல்காரர்கள் பொருள்களைத் தொடக் கூடாது என்பதால் தொட்டதும் இல்லை. தினமும் கண்ணாடியைத் துடைப்பதோடு சரி.

இந்த வருடம் அறைக்குப் புது வண்ணம் பூசி, புது விளக்குப் போட்டு, பெரிய வீட்டுப் பெயரையே அறைக்கு வைத்துத் திறப்பு விழா நடத்துவதென்று முடிவானது. பேரனுக்கு இப்போது அறுபது வயது இருக்கும். தலைமுடிக்குச் சாயம் அடித்துக்கொள்கிற, போகிற இடமெல்லாம் தாத்தா பெருமை பேசுகிற மனிதர். அவருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. பொருள்களைக் கண்ணாடிக்குள் பார்த்தால் என்ன சுவாரசியம்? அந்தக் காலத்தில் எப்படிப் புழங்கினார்கள் என்று கண் முன்னால் காட்ட வேண்டும். தாத்தாவின் நாற்காலியில் அவர் உட்காருவாராம், வெற்றிலை போடுவாராம், இடது பக்கம் ஒரு வேலைக்காரி பழைய கால உடுப்பில் படிக்கம் பிடித்து நிற்பாளாம். படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவார்களாம்.

வேலைக்காரியாக நிற்க யார்? அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர் நல்ல படிப்புப் படித்த அம்மாள், பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ரகம். அவர் அண்ணியைக் கூப்பிட்டு, அறையோடு பழகினவர் நீங்கள்தான், உங்களுக்குத்தான் பொருத்தமாக இருக்கும் என்றிருக்கிறார். பொருத்தமாம். அண்ணியின் வேலை இன்னும் தற்காலிகம்தான், நிரந்தரத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம் என்பதையும் போகிற போக்கில் நினைவுபடுத்தியிருக்கிறார். உள்ளே வெற்றிலை போடக் கூடாதே என்று அண்ணி பலகையைக் காட்டினாராம். இன்றைக்கு மட்டும், படத்துக்காக, துப்பவெல்லாம் மாட்டார், நீங்கள் பாத்திரத்தை நீட்டுங்கள், அவர் குனிகிற மாதிரி குனிவார், அவ்வளவுதான் என்று பதில் வந்ததாம்.

சரி என்றுவிட்டு வந்தார் அண்ணி.

நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். அன்று சாயங்காலம் மடித்த துணியை என் மெஷின் மேல் வைத்து, பழைய கால மாதிரி முழங்கை வரை கை வைத்து ஒரு ரவிக்கை தைக்க வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். சொன்னார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“உங்கம்மா மடியில வச்சுட்டு வந்ததை நீங்க போய்க் கையில எடுக்கப் போறீங்களா?”

“பிடிக்கிறேன்னு சொல்லியிருக்கேன்” என்றார் அண்ணி.

செத்துப்போன மாமியாரின் பக்கம் நின்று உயிரோடு இருக்கிற நாத்தனாரோடு சண்டை போட்ட ஒரே மருமகள் நானாகத்தான் இருப்பேன். என் வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். நிரந்தர வேலைக்காகவா? ஊர் மறந்திருக்கிற பட்டப்பெயரைப் படத்தோடு பத்திரிகையில் போடப் போகிறார்களே, தெரியவில்லையா? என் வீட்டுக்காரர் நடுவில் வந்து, அக்கா முடிவு அக்காவுடையது என்றார். அவரையும் நாலு கேட்டேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் திருப்பிப் பேசாததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில், “தைக்கிறியா, இல்ல வெளில குடுக்கட்டுமா?” என்று மட்டும் கேட்டார். வெளியில் கொடுத்தால் அந்தத் துணியின் கதை ஊருக்குப் பரவும். பல்லைக் கடித்துக்கொண்டு நானே தைத்தேன். கோபத்தில் கை இறுக்கி வைத்துவிட்டேன், பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

விழாவுக்கு நானும் போனேன். வாழ்த்தப் போகவில்லை. அந்தப் பேரன் முகத்தை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று போனேன். அறை முழுக்கக் கூட்டம். கால் வைக்கவே பயமாக இருக்கிற மாதிரி வெள்ளைப் பளிங்குத் தரை. நடுவில் தாத்தாவின் நாற்காலி. பேரன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் அதில் சாய்ந்திருந்தார். பக்கத்துச் சின்ன மேசையில் தட்டில் வெற்றிலை. படிக்கத்தின் கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது.

அண்ணி வந்தார். நான் தைத்த ரவிக்கையில் இல்லை. தினமும் உடுத்துகிற அதே நீலச் சீருடைச் சேலை, கழுத்தில் அருங்காட்சியக அடையாள அட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. காப்பாட்சியர் பக்கத்தில் வந்து காதோடு ஏதோ கேட்டார். ரவிக்கை இறுக்கமாக இருந்தது என்று அண்ணி என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். பழி எனக்கு. மாற்ற நேரமில்லை. பெட்டியிலிருந்து படிக்கத்தை எடுத்துப் பேரனின் இடது பக்கம் போய், அதன் கழுத்தை, கொடி தேய்ந்த அதே இடத்தில், இரண்டு கையாலும் பிடித்து அண்ணி நின்றார். முகத்தை மட்டும் சுவர் பக்கம் திருப்பவில்லை. நேராகக் கூட்டத்தைப் பார்த்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பேரன் வெற்றிலைக்குப் பழகினவர் இல்லை. விருந்து வீட்டில் எப்போதாவது ஒன்று போடுகிறவர்தான். படம் எடுப்பவர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லச் சொல்ல, தாத்தா மாதிரி இருக்க வேண்டுமென்று கை நிறைய வெற்றிலையை அடுக்கி, சுண்ணாம்பை வழித்துத் தடவி, பாக்கோடு சுருட்டி வாய்க்குள் தள்ளிவிட்டார். மென்றார். ஒரு கன்னம் உப்பியது, பிறகு மறு கன்னம். படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சுண்ணாம்பு தூக்கலாகப் போய்விட்டது போல, கண்ணில் தண்ணீர் வந்தது. பழகாத வாயில் எச்சில் ஊறி ஊறி நிரம்பியது. விழுங்கினால் எரியும், துப்பலாமென்றால் வெள்ளைத் தரை. உதட்டோரம் சிவப்பாக ஒரு கோடு இறங்க ஆரம்பித்தது. அவர் இடது பக்கம் திரும்பினார். தொண்டைக்குள் சத்தம் கொடுத்தார்.

“ம்ம்.”

யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு சத்தம் போட்டால் பாத்திரம் தானாக வரும் என்று அவர் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது.

பாத்திரம் வரவில்லை. அண்ணி படிக்கத்தை நெஞ்சோடு அணைத்து, அதன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“இது காட்சிப் பொருள், சார். இதுல துப்பக் கூடாது.”

பேரன் காப்பாட்சியரைப் பார்த்தார். காப்பாட்சியர் பலகை இருக்கிற திசையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் காட்சிப் பொருளில் துப்புங்கள் என்று அவர் எப்படிச் சொல்வார்? ‘ம்ம், ம்ம்’ என்று பேரன் இரண்டு தடவை அதட்டினார். அதற்கு மேல் வாயைத் திறக்க வழியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி பேச, அந்த வீட்டுக்காரர் ஒருவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எங்கம்மா இதைப் பிடிச்சு நின்னவங்க, சார். ஒரு நாள் உங்க தாத்தா அவங்க மேலயே துப்பிட்டுச் சிரிச்சாரு. நிரம்பின பாத்திரத்தை அவர் மடியில வச்சுட்டு முன்வாசல் வழியா வந்தாங்க. உங்க வீட்டுலயும் சொல்லியிருப்பாங்களே.”

சொல்லியிருக்கிறார்கள். அவர் கண்ணில் தெரிந்தது. நான் பார்க்க வந்த முகத்தைப் பார்த்துவிட்டேன்.

அண்ணி அவசரப்படவில்லை. படிக்கத்தைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் வைத்தார், கண்ணாடியைச் சாத்தினார், இடுப்புச் சாவியை எடுத்துப் பூட்டினார். பிறகு, தினமும் எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில், “வெளிய குழாயடி இருக்கு. வாங்க, காட்டுறேன்” என்றார். பேரனுக்கு வேறு வழியில்லை. மோவாய்க்குக் கீழே கையைக் குழித்து ஏந்திக்கொண்டு, சட்டையில் சொட்டுச் சொட்டாகச் சிவக்க, அண்ணிக்குப் பின்னால் நடந்தார். கூட்டம் வழிவிட்டது. மாடிப்படியில், பலகையைத் தாண்டி, வழக்கறிஞரும் மாப்பிள்ளையும் போன அதே வழியில் போய், குழாயடியில் குனிந்து துப்பினார். அண்ணி குழாயைத் திறந்துவிட்டு நின்றார். படம் எடுப்பவருக்கு எது நல்ல படம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரு பத்திரிகையிலும் அது வரவில்லை. வராது. பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கிறவர் அவர்தானே.

நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அண்ணியை மாடியிலிருந்து இறக்கி, கீழே செருப்பு வைக்கிற இடத்துக்குக் காவலாகப் போட்டிருக்கிறார்கள். தண்டனை இல்லை, மாற்றம்தான் என்று காப்பாட்சியர் இனிப்பாகச் சொன்னாராம். அறைக்குப் பெரிய வீட்டுப் பெயர் அப்படியே இருக்கிறது. ‘விருந்தோம்பலின் அடையாளம்’ அப்படியே இருக்கிறது. பெயர்களையெல்லாம் அவர்கள் வைத்துக்கொண்டார்கள், கழுத்தில் கொடியைத் தேய்த்த கைகளுக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. அந்த ரவிக்கையைக் கிழித்து மெஷின் துடைக்க வைத்திருக்கிறேன்.

விழா முடிந்த அன்று சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார். திரும்பவும் கழுவினார். நான் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன். முன்கூட்டியே என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தனை திட்டு வாங்கிக்கொண்டு நின்றீர்களே என்று கேட்டேன்.

“பிடிக்கிறேன்னுதான் சொன்னேன். நீட்டுறேன்னு சொல்லலியே” என்றார். சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

“அம்மா அதை மலைன்னு சொல்வா, இல்ல?” என்றார் பிறகு. “நான் பயந்துகிட்டேதான் தூக்கினேன். கனமே இல்ல. நம்ம தண்ணிச் செம்பு அளவுகூட இல்ல. அம்மா ஏன் அப்படிச் சொன்னான்னு நின்ன நேரம் பூரா யோசிச்சேன்.”

தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“அவ கையில அது காலியா இருந்ததே இல்ல” என்றார் அண்ணி. கண் சிவந்துபோயிருந்தது. “இவனுங்க கழுவி, காலியாக்கி, கண்ணாடிக்குள்ள வச்சிருக்கானுங்க.”